மெல்ல ஓடி நெடுந்தொலை செல்வோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சற்று முன்பு நம் குடியிருப்புக் குழந்தைகளின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தோம். இனி நாடகம் நடைபெறவிருக்கிறது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் இடையே பேச வருகிறவனின் நிலை, சாம்பாருக்கும் பாயசத்துக்கும் இடையே வருகிற ரசத்தின் நிலையை ஒத்தது. சற்றே நீர்த்திருந்தாலும் உடம்புக்கு நல்லது என்று கருதி என்னைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

எனக்குத் தரப்பட்டுள்ள பொருள் ஓட்டம். ஓடுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, காலைத் தூக்கி வைத்தால் போயிற்று என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில் மூன்று கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தின்போது, எல்லைக்கோட்டுக்கு நூறு அடி தொலைவில் நம் இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நல்லவேளையாக அவர் பிழைத்தெழுந்தார். இன்று இந்த மன்றத்தில் நலமாக அமர்ந்திருக்கிறார். அன்று மாலை செயலாளர் அவர்கள் என்னிடம், “அடுத்த ஆண்டு விழாவில் இதைப் பற்றி நீங்கள் பேசத்தான் வேண்டும்” என்றார். அந்தக் கட்டளையை நிறைவேற்றவே இங்கு நிற்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. இரத்த அழுத்தம் சற்று ஏறியிருந்தது. உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் மருத்துவர். மறுநாளே புதுக் காலணி வாங்கினேன். விடியற்காலையில் குடியிருப்பைச் சுற்றிய சாலையில் புறப்பட்டேன். பள்ளிக்கூட நாளில் ஓடிய வேகம் மனத்தில் இருந்தது, உடம்பில் இல்லை. இரண்டு கிலோமீட்டருக்குள் நாக்கு உலர்ந்து, மூச்சு முட்டி, தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாள்தோறும் இதே கதைதான். மூன்றாம் மாதம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி கண்டது. காலணி பரண்மேல் ஏறிற்று.

நம் குடியிருப்பில் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பிவிட்டார். அறுபத்து நான்கு வயதிலும் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடுவார். ஒருநாள் அவர் என்னை நிறுத்தி, “தம்பி, நீங்கள் ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறதா?” என்று கேட்டார். “பேச்சா? மூச்சே வரவில்லையே, அண்ணாச்சி” என்றேன். “அப்படியானால் நீங்கள் ஓடவில்லை, தம்பி; உங்களை நீங்களே விரட்டுகிறீர்கள்” என்றார். நான் ஓட்டத்தைப் பற்றி அறிந்தவற்றுள் பாதி அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. மீதிப் பாதியைத்தான் நூல்களைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்பர்களே! நம் நெஞ்சு ஒரு நீரிறைக்கும் பொறியைப் போன்றது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய எழுபது முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ எழுபது மில்லிலிட்டர் குருதியை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கு வரும். நெடுங்காலம் நிதானமாக ஓடிப் பழகியவருடைய நெஞ்சு, ஒரு துடிப்புக்கு நூறு மில்லிலிட்டர் தள்ளும் வல்லமை பெறுகிறது. அப்போது அதே ஐந்து லிட்டருக்கு ஐம்பது துடிப்பே போதும். நிமிடத்துக்கு இருபது துடிப்பு மிச்சம். ஒரு நாளைக்கு 28,800 துடிப்பு மிச்சம். குடும்பச் செலவில் இப்படி மிச்சம் பிடிப்பவரை நாம் எவ்வளவு பாராட்டுவோம்!

அடுத்தது எரிபொருள். தசைகள் இரண்டு பொருள்களை எரித்து ஆற்றல் பெறுகின்றன. ஒன்று மாவுச்சத்து, மற்றொன்று கொழுப்பு. மாவுச்சத்து கிளைக்கோஜன் என்னும் வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் ஏறத்தாழ நானூறு முதல் ஐந்நூறு கிராம் அளவுக்கே இருக்கும். அதிலிருந்து கிடைப்பது சுமார் 2,000 கலோரி. கொழுப்போ அப்படியன்று. அறுபது கிலோ எடையுள்ளவரின் உடம்பில் பன்னிரண்டு கிலோ கொழுப்பு இருந்தால், அதிலுள்ள ஆற்றல் தொண்ணூறாயிரம் கலோரிக்கும் மேற்படும். மாவுச்சத்து கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணம். கொழுப்பு வங்கியில் போட்ட வைப்புநிதி.

ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கலோரி வீதம் தோராயமாகச் செலவாகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் மாரத்தான் தொலைவாகிய 42.195 கிலோமீட்டரை ஓட 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். கைச்செலவுப் பணம் அதற்குப் போதாது என்பது தெளிவு. வேகமாக ஓடும்போது உடம்பு பெரும்பாலும் மாவுச்சத்தையே எரிக்கிறது. நிதானமாக ஓடும்போது கொழுப்பின் பங்கு கூடுகிறது. முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் பலர் சுவரில் மோதியவர்போல் நின்றுவிடுவதற்கு இதுவே பெருங்காரணம். கைப்பணம் தீர்ந்தது, வங்கியில் எடுத்துப் பழக்கமில்லை.

அந்தப் பழக்கத்தை உண்டாக்குவது எப்படி? தசையின் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. கொழுப்பு எரிவது அவற்றிலேதான். அமெரிக்க அறிவியலறிஞர் ஜான் ஹொல்லோசி 1967இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. பல வாரங்கள் நெடுநேரம் ஓடிப் பழகிய எலிகளின் தசைகளில் இந்த அடுப்புகளின் திறன் ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகியிருந்ததை அவர் காட்டினார். மனிதர்க்கும் இது பொருந்தும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதனோடு தசைகளைச் சூழ்ந்த நுண்ணிய குருதிக் குழாய்களும் பெருகுகின்றன. இவையெல்லாம் ஒரு வாரத்தில் நிகழ்வன அல்ல. மாதக்கணக்கில் நாள் தவறாமல் ஓட வேண்டும். நாள் தவறாமல் ஓட வேண்டுமானால், நேற்றைய ஓட்டம் இன்றைய உடம்பை முடக்கிப் போட்டிருக்கக் கூடாது. நிதான ஓட்டத்தின் பெருமை இங்கேதான் இருக்கிறது.

இதனை உலகறியச் செய்தவர்களுள் இருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முதல்வர் நியூசிலாந்து நாட்டு ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தம்மையே சோதனைப் பொருளாக்கி ஓடி ஓடிப் பார்த்து, வாரத்துக்கு நூறு மைல் ஓடும் முறையை வகுத்தார். மாதக்கணக்கில் அடித்தளம் அமைத்த பிறகே வேகப் பயிற்சி என்பது அவர் கொள்கை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளே அவருடைய மாணவர்கள். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் செப்டம்பர் 2ஆம் நாள் அம்மாணவர்களுள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். சில நாள் கழித்து மாரத்தானில் பாரி மகீ வெண்கலம் பெற்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டர் ஓட்டத்துக்கு வாரம் நூறு மைல் எதற்கு என்று நகைத்தவர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள்.

இரண்டாமவர் ஜெர்மனியில் வால்ட்னீல் என்னும் சிற்றூரில் வாழ்ந்த மருத்துவர் எர்ன்ஸ்ட் வான் ஆக்கன். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 130 அளவில் இருக்க, நெடுந்தொலைவு மெல்ல ஓடுக என்பது அவர் அறிவுரை. அவரிடம் பயின்ற ஹரால்ட் நோர்போத் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெள்ளி வென்றார். பெண்கள் நெடுந்தொலைவு ஓடலாகாது என்று உலகம் தடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பெண்களுக்கு அந்த ஆற்றல் இயல்பாகவே உண்டு என்று வாதிட்டவர் அவர். 1972இல் ஓடிக்கொண்டிருந்தபோது கார் மோதிக் கால்களை இழந்தார். ஆயினும் மனம் தளரவில்லை. மறு ஆண்டே, 1973இல், தம் ஊரில் பெண்களுக்கென்றே ஒரு மாரத்தானை நடத்தினார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் இடம்பெற்றது 1984இல்தான். இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் அம்மருத்துவரை நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. வெறுங்காலோடு ஓடிப் பழகிய சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது.

சரி, மெல்ல ஓடுவது என்றால் எவ்வளவு மெல்ல? அமெரிக்கரான பில் மாஃபெட்டோன் ஓர் எளிய கணக்குச் சொன்னார். நூற்றெண்பதிலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். ஐம்பது வயதினர்க்கு 130 கிடைக்கும். ஓடும்போது நாடித் துடிப்பு அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. அண்மையில் நோயுற்றவரும், நாள்தோறும் மருந்துண்பவரும் இன்னும் பத்தைக் கழிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடிப்பவரும் இப்போதுதான் தொடங்குகிறவரும் ஐந்தைக் கழிக்க வேண்டும். இது அனுபவத்தில் கண்ட கணக்கே அன்றி இயற்கையின் விதி அன்று. ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் வேறுபடும். ஆயினும் தொடங்குகிறவனைப் பேராசையிலிருந்து காக்கும் வேலியாக இது பயன்படுகிறது. இம்முறையைப் பின்பற்றிய மார்க் ஆலன், ஹவாய்த் தீவில் நீந்தி, மிதிவண்டி ஓட்டி, இறுதியில் மாரத்தானும் ஓடும் கடும்போட்டியில் 1989 முதல் 1995 வரையில் ஆறு முறை வென்றார்.

துடிப்பை அளக்க இன்று மார்பில் கட்டும் பட்டையும் கைக்கடிகாரமும் கிடைக்கின்றன. பட்டையின் கணக்கு நம்பத்தக்கது. கடிகாரம் சில வேளைகளில் காலடி எண்ணிக்கையைத் துடிப்பென்று மயங்கிச் சொல்லிவிடும். இரண்டும் இல்லாதவர் வருந்த வேண்டா. ஓட்டத்தை நிறுத்திய உடனே மணிக்கட்டில் விரல் வைத்துப் பத்து வினாடி எண்ணி, ஆறால் பெருக்குங்கள். அதுவும் இயலாவிட்டால் அண்ணாச்சியின் சோதனை இருக்கவே இருக்கிறது. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

நான் மீண்டும் தொடங்கியபோது வயது நாற்பத்தெட்டு. என் எல்லை 132. முதல் நாள் அந்த எல்லைக்குள் ஒரு கிலோமீட்டர் செல்ல எனக்கு ஒன்பது நிமிடமும் நாற்பது வினாடியும் ஆயிற்று. மேம்பாலத்து ஏற்றத்தில் ஓடவே முடியவில்லை, நடந்துதான் ஏறினேன். நம் குடியிருப்பு மாமிகள் இருவர் நடைப்பயிற்சியில் என்னைக் கடந்து சென்றனர். “என்ன சார், காலில் அடியா?” என்று ஒருவர் பரிவோடு கேட்டார். அவரும் இங்கே அமர்ந்திருக்கிறார், சிரிக்கிறார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பயிற்சியில் கடினமானது காலுக்கு அன்று, மானத்துக்கு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நான்கு மாதம் சென்றது. அதே 132 துடிப்பில் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடமும் இருபது வினாடியும் ஆயிற்று. ஓராண்டு நிறைந்தபோது ஏழே கால் நிமிடம். நான் முயன்று வேகம் கூட்டவில்லை. நெஞ்சு தளராமல் நின்றது. வேகம் தானே வந்தது. இதற்கிடையில் இரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. எலும்பு வலி திரும்பவே இல்லை.

அடுத்த சனவரியில் மும்பை மாரத்தானின் அரை மாரத்தானில் கலந்துகொண்டேன். இருட்டு விலகாத வேளையில் மாகிமிலிருந்து புறப்பட்டோம். கடற்பாலத்தின்மேல் குளிர்காற்று வீசிற்று. கூட்டத்தின் உற்சாகத்தில் எல்லோரும் என்னை முந்திச் சென்றனர். என் கடிகாரத்தைப் பார்த்தேன், பொறுத்துக்கொண்டேன். பிறகு பெட்டர் சாலை ஏற்றம் வந்தது. பாலத்தில் என்னை முந்திப் பறந்தவர்களுள் பலர் அங்கே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றனர். நான் வேகம் கூட்டவும் இல்லை; நிற்கவும் இல்லை. இரண்டு மணி முப்பத்து நான்கு நிமிடத்தில் எல்லைக்கோட்டைக் கடந்தேன். பரிசு வாங்கும் நேரம் அன்று. ஆனால் கடந்தபின் என் பக்கத்தில் நின்றவரோடு முழு வாக்கியமாகப் பேச என்னால் முடிந்தது.

முயலும் ஆமையும் ஓடிய கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். முயல் தோற்றது உறங்கியதால். மனிதர்களில் முயலாக ஓடுகிறவர் உறங்காமலே தோற்கிறார் என்பதைப் பெட்டர் சாலையில் கண்டேன்.

இனிச் சில எச்சரிக்கைகள். நிதான ஓட்டமே முழுமையான பயிற்சி என்று நான் சொல்லவில்லை. அடித்தளம் அமைந்தபின் வாரத்துக்கு ஒருமுறை சற்று விரைந்து ஓடுவதும் தேவையே. உலகத்தின் சிறந்த நெடுந்தொலை வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர்கள், ஐந்தில் நான்கு பங்கு நிதானமாகவும் ஒரு பங்கு கடுமையாகவும் அமைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நம்மில் பலர் ஐந்து நாளும் அரைகுறைக் கடுமையில் ஓடுகிறோம். அதனால் நிதானத்தின் பயனும் இல்லை, வேகத்தின் பயனும் இல்லை.

நம் மும்பையின் புழுக்கத்தையும் மறவாதீர்கள். வியர்வை வழிய வழிய உடம்பில் நீர் குறைகிறது. ஒரு துடிப்பில் செல்லும் குருதியும் குறைகிறது. அதை ஈடுசெய்ய நெஞ்சு விரைந்து துடிக்கிறது. ஆதலின் சனவரியில் ஓடிய வேகத்தில் மே மாதத்தில் ஓட முடியவில்லையே என்று வருந்தக் கூடாது. துடிப்பைப் பாருங்கள்; வேகம் குறைந்தால் குறையட்டும்.

இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் மருந்துகளுள் பீட்டா பிளாக்கர் என்னும் வகை நாடித் துடிப்பையே அடக்கி வைப்பது. அதை உண்பவர்க்கு மேலே சொன்ன கணக்குப் பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பேச்சுச் சோதனையைக் கடைப்பிடிக்கலாம். நாற்பதைத் தாண்டியவரும், சர்க்கரை நோயினரும், குடும்பத்தில் நெஞ்சு நோய் உள்ளவரும் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். ஓடும்போது மார்பில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, இடக்கை வலியோ தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று உதவி நாடுங்கள். இன்னும் நூறு அடிதானே என்று எண்ணாதீர்கள். சென்ற ஆண்டு நாம் கண்டது அந்த நூறு அடியைத்தான்.

ஓட இயலாதவர் விரைந்து நடக்கலாம். நெஞ்சுக்கு ஓட்டம், நடை என்னும் வேற்றுமை தெரியாது; துடிப்பின் அளவே தெரியும். வாசலில் கோலம் போட்ட கையோடு முப்பது நிமிடம் விரைந்து நடக்கும் தாய்மார்கள், வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வெறிகொண்டு ஓடும் கணவன்மார்களைவிட நெஞ்சுக்கு மிகுந்த நன்மை செய்துகொள்கிறார்கள்.

இறுதியாக ஒன்று. என் தந்தையார் ஊரை விட்டு இந்த நகரத்துக்கு வந்த முதல் தலைமுறையினர். மின்சார ரயிலைப் பிடிக்க நாள்தோறும் ஓடினார், வேலைக்கு ஓடினார், எங்கள் படிப்புக்காக ஓடினார். ஒருநாளும் தமக்காக ஓடவில்லை. ஐம்பத்திரண்டாம் வயதில் நெஞ்சு வலியில் மறைந்தார். எனக்கு இவ்வாண்டு ஐம்பத்து மூன்று. அவர் பார்க்காத ஒரு வயதை நான் பார்க்கிறேன். காலையில் ஓடும்போது சில நாள் அந்த நினைவு வரும். அப்போது துடிப்பு இரண்டு மூன்று கூடும். சற்று நடந்துவிட்டு மீண்டும் ஓடுவேன்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு விரைவு பழகிப்போன ஒன்று. பிள்ளைகளையும் விரட்டுகிறோம். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொன்னது அடுப்படிக்கு மட்டும் அன்று. வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டியருகே நான் நிற்பேன். வருகிறவர் யாராயினும் வருக. எல்லோரும் பேசிக்கொண்டே ஓடுவோம். யாருக்குப் பேச்சு நிற்கிறதோ, அவருக்காக அனைவரும் வேகத்தைக் குறைப்போம். அதுவே நமக்கு விதி.